எங்கள் ஊர் வழியாகப் போன கடைசி சைக்கிள்

பிள்ளைகளே, என் சைக்கிள் பயணத்தைப் பற்றி உங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி உங்கள் கணக்கு டீச்சர் கேட்டுக்கொண்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதே சங்கரன்கோவிலில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் டீச்சர் திருத்தட்டும்.

“பனி எப்படி இருந்துச்சு மாமா? சிங்கம் பாத்தீங்களா?” என்று என் சின்ன மகள் இசக்கியின் கூட்டாளிகள் கேட்டார்கள். பனியைப் பார்த்தேன். சிங்கத்தைப் பார்க்கவில்லை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை நாற்பத்திரண்டு நாள் பார்த்ததை எல்லாம் எழுதினால் இந்த மலரில் உங்கள் கவிதைக்கு இடம் இருக்காது. அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாற்பத்தோராவது நாள். அன்றைக்கு நாங்கள் நம் ஊர் வழியாகத்தான் போனோம்.

குழுவில் இருபத்தாறு பேர். பல மாநிலத்துக்காரர்கள். நான் அவர்களுக்கு மெக்கானிக். ஆனால் வேனில் உட்கார்ந்து வருகிற மெக்கானிக் இல்லை. கூடவே சைக்கிள் மிதித்து, எல்லாருக்கும் கடைசியில் வருகிறவன். கடைசி ஆளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். அவனுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒருவர் பஞ்சர் என்று நின்றால் நானும் நிற்க வேண்டும். ஒருவர் மூச்சு வாங்கி நடந்தால் நானும் இறங்கி நடக்க வேண்டும். அடையாளத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத ஒரு மேல்சட்டை கொடுத்திருந்தார்கள். சந்திப்புகளில் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் போலீஸ்காரர் அந்த ஆரஞ்சைப் பார்த்ததும் குழு முடிந்தது என்று ரோட்டைத் திறந்துவிடுவார்.

என் சைக்கிளில் மட்டும் ஒரு பித்தளை மணி இருந்தது. வீட்டுப் பழைய சைக்கிளில் இருந்து கழற்றி மாட்டிக்கொண்டு போனது. மற்றவர்களுடையதெல்லாம் இறகு மாதிரி லேசான விலையுயர்ந்த சைக்கிள்கள். “இந்த மணியின் எடைக்கே ஒரு ஆள் தனியாக மிதிக்க வேண்டும்” என்று கேலி செய்வார்கள். எனக்கு அதைக் கழற்ற மனசு வரவில்லை. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வரும்போது தெருமுனையில் மூன்று தடவை அடிப்பேன். உள்ளே கோமதியும் இசக்கியும் தாழ்ப்பாளை யார் திறப்பது என்று சண்டை போடுவார்கள். கோமதி என் பெரிய மகள். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், ஒன்பதாம் வகுப்பு. இசக்கி ஆறாம் வகுப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் சாகர் என்ற ஊரைத் தாண்டும்போது எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வேனில் படுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. வீடியோ போனில் பேசும்போது என் தலைக்குப் பின்னால் வேன் ஜன்னலின் திரைச்சீலையை கோமதி பார்த்துவிட்டாள். “சைக்கிள்ல ஏதுப்பா திரை?” என்று கேட்டாள். நான் மழுப்பினேன். அவள் அழுதாள். காய்ச்சல் வந்ததற்காக இல்லை, பொய் சொன்னதற்காக. அன்றைக்குத்தான் ஒரு வாக்குக் கொடுத்தேன். “நம்ம ஊர் வழியா வருவோம்ல, அப்ப நீயே பாரு. ஆரஞ்சுச் சட்ட போட்டுக்கிட்டுக் கடைசியில வருவேன். அந்தச் சட்ட வந்தா அப்பா நல்லா இருக்கேன்னு அர்த்தம்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான் எண்ணிக்கொண்டு வந்தது அந்த ஒரு காலை நேரத்தைத்தான். வழியோரத் தாபாவில் ஒரு சாண் உயர டம்ளரில் மோர் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே, இதை இரண்டு பேருக்கும் பங்கு வைத்தால் எப்படி வைக்கலாம் என்று யோசித்தேன். நர்மதை ஆற்றுப் பாலத்தில் எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் நம் ஊர்க் குளத்தில் இந்த வருடம் தண்ணீர் வந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஓசூரில் முதல் தமிழ் போர்டைப் பார்த்தபோது, அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் போர்டுதான், அதைக்கூட இரண்டு தடவை வாசித்தேன். இன்னும் சில நாளில் வீட்டுக்கே போகப் போகிறாயே, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்கலாம். தூரத்தில் இருக்கும்போது பொறுத்துக்கொண்டவனுக்குப் பக்கத்தில் வந்ததும் பொறுக்க முடியவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியாது.

நாற்பத்தோராவது நாள் காலை ராஜபாளையத்தில் இருந்து கிளம்பினோம். கடையில் இட்லி சாப்பிடும்போது ஹர்ப்ரீத் என்ற பஞ்சாப்காரத் தம்பி, “அங்கிள், இன்றைக்கு நீங்கள் இரண்டு இட்லிதான் சாப்பிட்டிருக்கிறீர்கள்” என்றான். எங்கள் குழுவிலேயே வயதில் இளையவன், தாடிக்காரன். “வீட்டில் உளுந்தங்களி கிண்டி எடுத்துக்கொண்டு வந்து ரோட்டில் நிற்பார்கள், வயிற்றில் இடம் வேண்டும்” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது மணிக்கு ஊருக்குள் நுழைய வேண்டும் என்பது கணக்கு. உங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை பத்து மணிக்கு. கோமதியும் இசக்கியும் அம்மாவோடு ராஜபாளையம் ரோட்டில் ஊர் முகப்பில் வேப்பமரத்தடியில் நின்று என்னைப் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குள் பள்ளிக்கூடம் போய்விடலாம். எல்லாம் சரியாக இருந்தது.

மார்கழி மாதத்துக் காற்று முதுகில் தள்ளியது. வயல்களில் தண்ணீர் நின்றது. மேற்கே மலை நீலமாகக் கூடவே வந்தது. கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் மானாவாரிக் காட்டு நிலம். அங்கே ஓர் இடத்தில் ரோட்டின் பாதி அகலத்துக்கு உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள்.

உங்களுக்குத் தெரியும், உளுந்தைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் போட்டால் போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் ஏறி நெற்றுகளை உடைத்துக் கொடுத்துவிடும். நம் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட அந்த இடத்தில் சைக்கிளை ஒதுக்கித்தான் ஓட்டும். அஸ்ஸாமில் இருந்து வந்த ரேணு அக்காவுக்கு அது தெரியாது. அவர் ஓய்வுபெற்ற நர்ஸ், அறுபது வயதைத் தாண்டியவர். எப்போதும் எனக்கு முன்னால், கடைசிக்கு முந்தின ஆளாக வருவார். மெத்தை மாதிரி இருக்கிறதே என்று நேராக அதன்மேல் விட்டார். செடியும் கொடியும் பின்சக்கரத்து கியருக்குள் சுற்றிக்கொண்டன. படக்கென்று ஒரு சத்தம். கியர் மாற்றும் இரும்புக் கை ஒடிந்து சக்கரத்து ஆரங்களுக்குள் போய்விட்டது. அக்கா உளுந்துமேலேயே விழுந்தார். நல்லவேளை, அடி இல்லை.

உளுந்துக்காரர் தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

“அடப்பாவி மக்கா! இது மேல எதுக்குவே விட்டீய? லாரி ஏறுறதுக்குல்லா போட்டிருக்கு!”

“அந்த அம்மாவுக்குத் தெரியாது அண்ணாச்சி. அஸ்ஸாமு.”

“ஏன், அஸ்ஸாம்ல உளுந்து கெடையாதாக்கும்?” என்றவர் அக்காவின் வயதைப் பார்த்ததும் இளகிவிட்டார். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் மனைவி அக்காவின் முதுகில் ஒட்டியிருந்த செடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார், அதிலிருந்த நெற்றுகளையும் விடாமல் மடியில் போட்டுக்கொண்டார்.

எங்கள் குழுத் தலைவர் திரும்பி வந்து பார்த்தார். புனேக்காரர், நேரத்தில் கறார். “எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார். ஒரு மணி நேரம் என்றேன். சாமான் வேன் சமையலுக்காக முன்னாலேயே பனவடலிசத்திரத்துக்குப் போய்விட்டது. அதனால் ஏற்றிவிடவும் வழியில்லை. “ஊர்ச் சந்திப்பில் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்துவார். ஆரஞ்சு வரும் வரை ஊரையே நிறுத்திவைக்க முடியாது. சட்டையை ஹர்ப்ரீத்திடம் கொடு. நீங்கள் இருவரும் மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுங்கள்” என்றார். அவர் சொன்னது நியாயம். நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அப்போது என் கண்ணெல்லாம் அந்த ஒடிந்த கியர்மேல்தான் இருந்தது.

எல்லாரும் போய் ஐந்து நிமிடம் கழித்து, சங்கிலியைக் கையில் பிடித்தபடி இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கழற்றிக் கொடுத்தது என் வாக்கை.

என் போன் வேனில் சார்ஜில் கிடந்தது. அக்காவின் போனை வாங்கி வீட்டுக்காரிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஆறு தடவை அடித்தேன். தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதே, ஏமாற்றுக்காரன்கள் பேசுகிறான்கள் என்று ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவளிடம் படித்துப் படித்துச் சொன்னவன் நான்தான்.

வேலையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒடிந்த கியரை முழுசாக எடுத்துவிட்டு, சங்கிலியை வெட்டிக் குறைத்து, ஒரே பல்சக்கரத்தில் ஓடும்படி மாட்டினேன். பத்து கியர் சைக்கிள் உங்கள் அப்பா சைக்கிள் மாதிரி ஆகிவிட்டது. சங்கிலி ஊசியைத் தட்ட உளுந்துக்காரர் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டார். நான் அவசரப்பட்டதில் ஒரு தட்டு அவர் விரலில் விழுந்தது. “பொறுமையாத் தட்டும் வே, ரயிலா புடிக்கப் போறீரு?” என்றார். ரயில்தான் அண்ணாச்சி என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒன்பதேகால் தாண்டிவிட்டது. ஒற்றைக் கியரில் அக்காவால் வேகமாகப் போக முடியாது. அவருக்குப் பின்னாலேயே போனேன். அந்தப் பத்து கிலோமீட்டர் எனக்குக் காஷ்மீர் மலையைவிட நீளமாக இருந்தது.

வேப்பமரத்தடியில் என் மனைவி பேச்சியம்மாள் மட்டும் தூக்குவாளியோடு நின்றாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து முதலில் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

“காச்சல் இல்லையே. எங்கயும் விழுந்தீங்களா? கையக் காட்டுங்க. கால நல்லா ஊணி நில்லுங்க பாப்போம்.”

“எனக்கு ஒண்ணுமில்ல. பிள்ளைய எங்க?”

“எங்க நிப்பாளுவ? பரீட்சைக்குப் போயிட்டாளுவ. வேனு போச்சு, எட்டிப் பாத்தா அதுல நீங்க இல்ல. சைக்கிள் பூராவும் போச்சு, அதுலயும் இல்ல. கடைசியில உங்க சட்டைய மாட்டிக்கிட்டு ஒரு தாடிக்காரப் பய வாரான்! எங்களப் பாத்து நின்னு, பின்னால பின்னாலன்னு கையக் காட்டுதான். திரும்பிப் பாக்கேன், பின்னால ஒரு ஆம்புலன்ஸ்லா வருது! எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு.”

“ஏட்டி, போன எடுத்திருக்கலாம்லா?”

“தெரியாத நம்பர எடுக்காதன்னு சொன்னது யாரு? எங்க அய்யாவா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சின்னவ வழி பூரா அழுதுக்கிட்டே போனா. பெரியவ ஒரு சொட்டு அழல. ‘அப்பாவுக்கு என்னமோ ஆயிருக்கும்மா, மறுபடியும் மறைக்காங்க’ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. இன்னைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்ச. நீங்க போயி மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒற்றைக் கியர், வெயில் ஏறுகிறது, பனவடலிக்கு இன்னும் நெடுந்தூரம். அவரை நடுரோட்டில் விட்டுவிட்டு நான் தெருவுக்குள் போக முடியாது. சைக்கிள் மிதித்த ஒரு நாளிலும் ஒருவரையும் விட்டுவிட்டுப் போனதில்லை.

“என்னால முடியாது. அவங்களுக்குப் பின்னாலதான் நான் போகணும்.”

“பெத்த பிள்ளையவிட உங்களுக்கு ரூல்ஸ் பெருசாப் போச்சு” என்று தூக்குவாளியை என் கைப்பிடியில் மாட்டினாள்.

அக்கா என்னவென்று கேட்டார். பாதி இந்தியும் பாதி கையுமாகச் சொன்னேன். சட்டை, காய்ச்சல், பரீட்சை. முழுவதும் கேட்டார். உடனே சைக்கிளில் ஏறி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. தன்னால்தான் தாமதம் என்று வருத்தப்படுகிறாரோ என்று பின்னாலேயே போனேன்.

கோயில் பக்கம் பூக்கடைகளில் பிச்சிப்பூ வாசம் வந்தது. தெரிந்த முகங்கள் கையைத் தூக்கின. “ஏலே, எல்லாரும் போயிட்டாங்க, நீ இப்பத்தான் காஷ்மீர்லருந்து வாறியா?” என்று டீக்கடையில் ஒருவன் கத்தினான். திருநெல்வேலி ரோட்டில் ஏறியதும் அக்கா ஒரு போர்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் அந்த போர்டில் புத்தகப்பையோடு ஓடும் இரண்டு பிள்ளைகள் படம் இருந்தது. கையை நீட்டி, அந்தத் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினார்.

“அக்கா! நம் வழி நேராக!” என்று கத்தினேன்.

அவர் திரும்பாமலே சொன்னார். “உனக்கு முன்னால் போகிறவள் நான். நான் எங்கே போனாலும் நீ பின்னால் வர வேண்டும். அதுதானே சட்டம்?”

உங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். மணி பத்தேகால். கேட்டைப் பூட்டி, வாட்ச்மேன் அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பரீட்ச நடக்கு வே. யாரையும் உள்ள விடக் கூடாது.”

“உள்ள வரல அண்ணாச்சி. நான் நல்லா இருக்கேன்னு என் பிள்ளைய ரெண்டு பேருக்கும் சொல்லிட்டா போதும்.”

“நீரு நல்லா இருக்கீருன்னு நான் போயி ஹால்ல சொல்லவா? அப்புறம் ஹெச்.எம். என்னைய நல்லா இருக்க விடுவாவளா?”

அவர் சொல்வதும் சரிதான். கேட் கம்பி வழியாகப் பார்த்தேன். மைதானத்துக்கு அந்தப்பக்கம் தாழ்வாரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையை மடியில் வைத்து வரிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் இசக்கி. ரிப்பன் ஒருபக்கம் அவிழ்ந்து தொங்கியது. நாற்பது நாளுக்குமேல் கழித்துப் பார்க்கிறேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம், கூப்பிடக் கூடாத நேரம். கோமதி தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாடியில் என்றார் அண்ணாச்சி.

அப்போதுதான் என் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. மூன்று தடவை அடித்தேன்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் உங்கள் பள்ளிக்கூடம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பித்தளை மணி கோயில் மணி மாதிரி கேட்டது. இசக்கி விருட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். அட்டை கீழே விழுந்தது. டீச்சர் அதட்ட, உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கேட்டைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். மாடியில் மட்டும் எந்த ஜன்னலிலும் ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை.

“மணி அடிக்கீரே வே, அறிவிருக்கா!” என்று அண்ணாச்சி எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். “பெரிய பிள்ளைக்குக் கேக்கலையோ என்னமோ. நான் தண்ணி குடிக்கப் போறேன். வாரதுக்குள்ள நீரு இங்க நிக்கக் கூடாது, ஆமா” என்று பானையைப் பார்த்து நடந்தார்.

இன்னும் மூன்று தடவை அடித்தேன். மாடி ஜன்னல்கள் அப்படியே இருந்தன.

பனவடலி போகும் வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து களியைத் தின்றோம். நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றியிருந்தாள், கருப்பட்டி மணத்தது. அக்கா இரண்டு வாய் தின்றுவிட்டு இது எதில் செய்தது என்று கேட்டார். நீங்கள் விழுந்தீர்களே, அதில் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு மிரண்டது. நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் வந்த வழியைத்தான் திரும்பிப் பார்த்தேன். காஷ்மீரில் இருந்தபோதுகூட ஊர் எனக்கு அவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.

மதியம் ஹர்ப்ரீத் சட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். “அந்தப் பெரிய பாப்பா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை அங்கிள். நான் ஏதோ திருடிக்கொண்டு போகிறவன் மாதிரி பார்த்தாள்” என்றான். சாயங்காலம் திருநெல்வேலியில் இருந்து வீட்டுக்குப் பேசினேன். இசக்கி மூச்சு விடாமல் பேசினாள். கோமதி போனை வாங்கி, “கணக்கு ஈஸிப்பா” என்றாள். மணி கேட்டதா என்றேன். “நான் கணக்குப் போட்டுக்கிட்டுல்லா இருந்தேன்” என்றாள். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு தடவை பொய்யாகிப்போன ஒரு அப்பாவிடம் வேறு எப்படிப் பேசுவாள்?

மறுநாள் கன்னியாகுமரி. கடல், மாலை, போட்டோ. அதை எல்லாரும் எழுதுவார்கள், நான் விடுகிறேன். வீட்டுக்கு வந்து தெருமுனையில் மணி அடித்தபோது இசக்கிதான் தாழ்ப்பாளைத் திறந்தாள். கோமதி சண்டைக்கு வரவில்லை. பின்னால் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

லீவு முடிந்து பரீட்சைத் தாள்கள் கொடுத்தார்கள். அப்பா கையெழுத்து வேண்டும் என்று கோமதி கணக்குத் தாளை நீட்டினாள். நல்ல மதிப்பெண். முதல் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாவது கணக்கின் நடுவில், ஒரு பெருக்கலுக்கும் அடுத்த வரிக்கும் இடையில், ஓரத்தில் பேனாவால் அழுத்தி மூன்று புள்ளிகள். கொஞ்சம் கீழே இன்னும் மூன்று புள்ளிகள். டீச்சர் சிவப்பு மையால் இரண்டையும் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

நான் கோமதியை நிமிர்ந்து பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, “சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கப்பா” என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை கிடைக்காமல் கையால் மணி அடித்துக் காட்டினேன். “பேச வரலன்னா எழுதிக் குடுங்க” என்றார். அதுதான் இது.

டீச்சர், அந்த ஆறு புள்ளியும் நான் அடித்தது.